ஹார்ன் பாக்ஸுக்கு எந்த ஊஃபர்? லேபிள் சொல்லாததை அளந்து அறிவது

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் என்று தமிழ் புழங்கும் ஊர்களில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருப்பவர்களுக்கு எல்லையின் இரு பக்கமும் வேலை கிடைக்கும். பொள்ளாச்சிப் பக்கம் மாரியம்மன் நோம்பி. சித்தூர், நெம்மாறைப் பக்கம் வேலா என்னும் கோயில் விழாவும், கானமேளா என்னும் பாட்டுக் கச்சேரியும். இரண்டுக்கும் போவது ஒரே வண்டி, அதே பேஸ் பாக்ஸ்கள். உள்ளே இருக்கும் 15, 18 இஞ்சு ஊஃபர்களில் (பேஸுக்கான பெரிய ஸ்பீக்கர்களில்) கம்பெனியில் இருந்து வந்தபடியே இருப்பவை குறைவு. ஒரு சீசனில் காயில் எரிந்திருக்கும், இன்னொரு சீசனில் கோன் கிழிந்திருக்கும். ரீகோன் செய்து, அதாவது கோனையும் காயிலையும் புதிதாக மாற்றி, மறுபடி ஓட்டுவார்கள். பின்னால் ஒட்டிய லேபிள் மட்டும் பழையபடியே இருக்கும்.

சாதாரண பேஸ் பாக்ஸில் இப்படிப்பட்ட ஊஃபரைப் போட்டு, ஈக்வலைசரில் கொஞ்சம் ஏற்றி இறக்கி ஒப்பேற்றிவிடலாம். ஹார்னில், அதாவது ஊஃபருக்கு முன்னால் சிறிய தொண்டையில் தொடங்கி வாய் வரை விரியும் குழாயை மடித்து அடைத்த பாக்ஸில், முடியாது. ஹார்னின் தொண்டைப் பரப்பு, ஊஃபருக்குப் பின்னால் மூடியிருக்கும் பின்னறையின் லிட்டர், மடிப்பின் நீளம் எல்லாமே உள்ளே உட்காரும் ஊஃபரை வைத்துக் கணக்கிட்டவை. ஊஃபர் மாறினால் அந்தக் கணக்கு மொத்தமும் மாறிவிடும். பெரும்பாவூர் பிளைவுட் 18 மி.மீ. ஷீட்டில் நாலைந்தை வெட்டி ஒட்டிய பிறகு தொண்டையை யாரும் அகலப்படுத்த மாட்டார்கள்.

ஹார்ன் செய்யும் வேலை என்ன? கோன் கனமானது, காற்று லேசானது. முறத்தை வீசினால் கை காற்றின் எதிர்ப்பை உணரும், கரண்டியை வீசினால் ஒன்றும் தெரியாது. திறந்த வெளியில் அடிஸ்வரத்தில் ஆடும் ஊஃபர், அது 18 இஞ்சாகவே இருந்தாலும், வீசுவது கரண்டியைத்தான். ஆம்பில் இருந்து வரும் சக்தியில் 2, 3 சதவீதம் ஒலியாகும், மிச்சம் காயிலில் சூடாகப் போகும். கோனுக்கு முன்னால் சிறிய தொண்டையை வைத்து, அதிலிருந்து பரப்பை ஒரே விகிதத்தில் பெருக்கிக்கொண்டே போனால், தொண்டையில் காற்று கனத்துக் கோனை எதிர்க்கும். கோன் ஆடும் தூரம் குறையும், ஒலி கூடும். கோட்பாட்டின்படி உச்சம் 50 சதவீதம். நடைமுறையில் அதில் பாதி கிடைத்தாலும் அதே ஆம்புக்கு எட்டு முதல் பன்னிரண்டு மடங்கு வரை ஒலிச்சக்தி. ஜெனரேட்டர் வைத்துப் பாட்டுப் போடுகிறவருக்கு இது டீசல் கணக்கு.

இந்தக் கணிதம் புதிதல்ல. ஹார்னுக்குள் ஒலி போகும் விதத்துக்கான சமன்பாட்டை வெப்ஸ்டர் 1919-லேயே வெளியிட்டார். அமெரிக்காவின் ஆர்கன்சாவில் பால் கிளிப்ஷ் 1940-களில் வீட்டு மூலைச் சுவர்களையே ஹார்னின் கடைசிப் பகுதியாகப் பயன்படுத்தும் பாக்ஸைச் செய்தார். ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961-லும், சிட்னியில் ஆய்வு செய்த ரிச்சர்ட் ஸ்மால் 1970-களின் தொடக்கத்திலும், ஓர் ஊஃபரின் குணத்தைச் சில எண்களில் அடக்கிக் காட்டினார்கள். எஃப்எஸ் (ஊஃபர் தன்போக்கில் அதிரும் அதிர்வெண்), கியூஇஎஸ் (அந்த அதிர்வைக் காயிலும் காந்தமும் எவ்வளவு அடக்குகின்றன என்ற எண்; குறைந்தால் பிடி அதிகம்), விஏஎஸ் (கோனின் தொங்கலுக்கு ஈடான தளர்வுள்ள காற்று, லிட்டரில்) என்று டேட்டா ஷீட்டில் வருபவை அந்த எண்கள்தான். அவை முதலில் மூடிய பாக்ஸுக்கும் ஓட்டை வைத்த பாக்ஸுக்குமாகப் பிறந்தவை. அவற்றை ஹார்னுக்குக் கொண்டுவந்தது 1977-ல் டான் கீல் எழுதிய கட்டுரை. 1979-ல் மார்ஷல் லீச் அதை இன்னும் விரித்தார். இன்று நாம் போடும் கணக்கு பெரும்பாலும் கீல் போட்ட பாதை.

கடைக்குப் போனால் முதல் கேள்வி, "எத்தனை வாட்ஸுங்க?" அடுத்தது, "மேக்னட் எத்தனை கிலோ?" கொஞ்சம் படித்தவராக இருந்தால், "எஃப்எஸ் கம்மியா இருக்கறதுதானுங்க ஹார்னுக்கு நல்லது?" என்று மூன்றாவதாகக் கேட்பார். வாட்ஸ் என்பது காயில் எரியாமல் எவ்வளவு சூடு தாங்கும் என்பதற்கான எண். ஒலியைப் பற்றி அது பேசுவதில்லை. மேக்னட்டின் எடையும் அப்படித்தான். காயில் ஆடும் இடைவெளி அகலமாக இருந்தால் கிலோ கணக்கில் காந்தம் இருந்தும் பலனில்லை. மூன்றாவது கேள்விதான் சுவாரசியமானது. அதற்குப் பதில், ஹார்னைப் பொறுத்தவரை எஃப்எஸ் தனியாக எதையும் தீர்மானிப்பதில்லை என்பதுதான்.

ஹார்ன் எந்த அதிர்வெண் வரை மேலே வாசிக்கும் என்பதைக் கோனின் எடை தீர்மானிக்கிறது. அந்த மேல் வரம்புக்குக் கீல் தந்த சூத்திரம் எளியது: எஃப்எஸ்ஸை இரண்டால் பெருக்கி, கியூஇஎஸ்ஸால் வகுக்க வேண்டும். எஃப்எஸ் 40, கியூஇஎஸ் 0.312 என்றால் சுமார் 256 ஹெர்ட்ஸ். கியூஇஎஸ் 0.6 என்றால் 133 தான். இதற்கு மேலே ஒலி மெல்லச் சரியத் தொடங்கும்.

சூத்திரத்தைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே வேறொன்று தெரியும். மேல் வரம்பு என்பது பிஎல்லின் வர்க்கத்தை, பை (3.14), காயிலின் டிசி ஓம், கோனின் நகரும் எடை ஆகிய மூன்றின் பெருக்குத்தொகையால் வகுத்தது. பிஎல் என்பது காந்தப் புலமும் அதற்குள் இருக்கும் கம்பி நீளமும் சேர்ந்த வலிமை. இதில் கோனைத் தாங்கிப் பிடிக்கும் ஸ்பைடர், எட்ஜ் இரண்டுக்கும் இடமே இல்லை. ஸ்பைடர் தளர்ந்தால் எஃப்எஸ் குறையும், கியூஇஎஸ்ஸும் அதே விகிதத்தில் குறையும், வகுத்தால் விடை மாறாது. தொண்டைப் பரப்புக்கும் இதே கதைதான். எஃப்எஸ், கியூஇஎஸ், விஏஎஸ் மூன்றையும் பெருக்கி, அதை இரண்டு பையால் பெருக்கி, ஒலியின் வேகத்தால் வகுத்தால் தொண்டை வரும். ஸ்பைடர் தளரும்போது முதல் இரண்டும் இறங்குவதை விஏஎஸ் ஏறிச் சரிக்கட்டிவிடும். ஆகவே புது ஊஃபரை நாள்கணக்கில் ஓட்டிப் பழக்கிய பிறகுதான் ஹார்ன் கணக்குப் போட வேண்டும் என்பது வீண் கவலை. பழக்கினால் எஃப்எஸ் இறங்கும், உண்மைதான். தொண்டை அசையாது.

அசைப்பது ரீகோன். கம்பெனிக் கோனும் காயிலும் சேர்ந்து 90 கிராம் இருந்த 15 இஞ்சு ஊஃபரில், கிழியக்கூடாது என்று தடித்த கோனும், எரியக்கூடாது என்று பருத்த கம்பியில் சுற்றிய காயிலும் போடுகிறார்கள். நகரும் எடை 125 கிராம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். காயிலில் சுற்று குறைந்ததால் பிஎல் 19.8-லிருந்து 16-க்கு இறங்குகிறது. டிசி ஓம் அப்படியே இருந்தாலும் மேல் வரம்பு 256-லிருந்து 121 ஹெர்ட்ஸுக்கு விழுந்துவிடும். அதற்கு வேண்டிய தொண்டை 411-லிருந்து 630 சதுர செ.மீ. ஆகிவிடும். சட்டம் (ஃப்ரேம்) அதே, மேக்னட் அதே, லேபிள் அதே. பாக்ஸில் மாட்டினால், "முன்னே மாதிரி அடி வர மாட்டேங்குது" என்பார்கள்; ஆம்பை மாற்றிப் பார்ப்பார்கள். ரீகோன் செய்பவரைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. கேட்டது கிழியாத கோன், கொடுத்தது கிழியாத கோன்.

சூடும் இதே எண்ணைத்தான் தின்னும். செம்பின் மின்தடை ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.39 சதவீதம் கூடும். ஏப்ரல் வெயிலில் மூடிய பின்னறைக்குள் இரண்டு மணி நேரம் ஓடிய காயில் 200 டிகிரியைத் தொட்டால், 5.4 ஓம் இருந்தது 9-ஐத் தாண்டும். அந்த நிலையில் நம் 256 ஹெர்ட்ஸ் 150 ஆகிவிடும். மாலையில் சரியாகக் கேட்ட பாக்ஸ் நள்ளிரவில் மந்தமாகக் கேட்பதற்குக் காது அசந்துபோனது மட்டும் காரணமல்ல. ஹார்னில் கோன் குறைவாக ஆடுவதால், ஆட்டத்தால் காயிலுக்குக் கிடைக்கும் விசிறலும் குறைவு. நாலு இஞ்சு காயில் உள்ள ஊஃபர்களுக்கு ஹார்ன்காரர்கள் கூடுதல் விலை கொடுப்பது இதற்காகத்தான், வாட்ஸ் பெருமைக்காக அல்ல.

இனி அளப்பது. வேண்டியவை ஒரு லேப்டாப், இரண்டு சேனல் உள்வாங்கும் சவுண்ட் கார்டு, 10 ஓம் ரெசிஸ்டர் ஒன்று, நல்ல மல்டிமீட்டர், ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருள். ரெசிஸ்டரை ஊஃபரோடு தொடராக இணைத்து, மெல்லிய சிக்னலைத் தாழ்ந்த அதிர்வெண்ணில் இருந்து உயரத்துக்கு ஓட்டினால், ஒவ்வோர் அதிர்வெண்ணிலும் ஊஃபர் எத்தனை ஓம் காட்டுகிறது என்ற வளைவு கிடைக்கும். அளக்கும் முன் ஊஃபரை ஐந்து நிமிடம் தாழ்ந்த சுருதியில் ஆட்டிவிட வேண்டும். தரையில் மல்லாத்தி வைக்கக் கூடாது. பெரும்பாலான பெரிய ஊஃபர்களுக்கு மேக்னட்டின் பின்னால் காற்றுத் துளை உண்டு, அது அடைபட்டால் கணக்கே கெட்டுவிடும். நிமிர்த்தி, அசையாதபடி கனமான எதிலாவது கட்டி, சுவரில் இருந்து தள்ளி வைக்க வேண்டும். மல்டிமீட்டர் ஒயர்களின் முனைகளைத் தொடவைத்து வரும் ஓமைக் கழித்துவிட்டுக் காயிலின் டிசி ஓமை எழுதிக்கொள்ள வேண்டும். 0.3 ஓம் பிழை சின்னதாகத் தோன்றும். 5.4 ஓம் காயிலில் அது 5 சதவீதத்துக்கு மேல்.

ஓர் உதாரணம். டிசி 5.4 ஓம். வளைவின் உச்சி 40 ஹெர்ட்ஸில் 135 ஓம். 135-ஐ 5.4-ஆல் வகுத்தால் 25, அதன் வர்க்கமூலம் 5. 5.4-ஐ 5-ஆல் பெருக்கினால் 27 ஓம். உச்சியின் இரு சரிவிலும் வளைவு 27 ஓமைக் கடக்கும் இடங்களைக் குறிக்க வேண்டும்: 28.8, 55.5 ஹெர்ட்ஸ். இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 40 வருகிறது, எஃப்எஸ்ஸோடு ஒத்துப்போகிறது. ஒத்துப்போகாவிட்டால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும்; காயில் உரசுகிறது, அல்லது சட்டம் ஆடுகிறது, அல்லது சிக்னல் அதிகம். இப்போது 40-ஐ 5-ஆல் பெருக்கி, இரு இடங்களின் வித்தியாசமான 26.7-ஆல் வகுத்தால் 7.5; இது இயந்திர க்யூ, கியூஎம்எஸ். அதை 25-இல் ஒன்று குறைந்த 24-ஆல் வகுத்தால் 0.312. நாம் தேடியது இந்தக் கியூஇஎஸ்தான்.

மென்பொருளே இதையெல்லாம் போட்டுத் தரும். ஆனாலும் ஒருமுறையாவது கையால் போட்டுப் பார்ப்பது நல்லது, தவறான வளைவுக்கும் மென்பொருள் இரண்டு தசம இடத்தோடு அழகான விடை தரும் என்பதால்.

அடுத்து எடை. தெரிந்த எடை ஒன்றைக் கோனில் ஒட்டி மறுபடி எஃப்எஸ் அளப்பது பழைய, நம்பகமான வழி. நாணயம் ஒட்டுகிறவர்கள் உண்டு. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் அடித்த 1, 2 ரூபாய் நாணயங்களை மேக்னட் இழுக்கும், அந்த அளவு உதவாது. சால்டரிங் ஈயக் கம்பியை வளையமாகச் சுற்றி, நகைக்கடைத் தராசில் நிறுத்து, டஸ்ட் கேப்பை (கோனின் நடுவில் உள்ள மூடியை) சுற்றிக் களிமண்ணால் ஒட்டுவது மேல். களிமண்ணையும் சேர்த்துத்தான் நிறுக்க வேண்டும். 60 கிராம் ஒட்டி, எஃப்எஸ் 40-லிருந்து 31-க்கு இறங்கினால்: 40-ஐ 31-ஆல் வகுத்து வர்க்கப்படுத்தினால் 1.665, ஒன்றைக் கழித்தால் 0.665, 60-ஐ அதால் வகுத்தால் 90 கிராம். எஃப்எஸ் ஏறத்தாழக் கால் பங்கு இறங்கும்படி எடை ஒட்டவில்லை என்றால் பிழை பெருகிவிடும். 18 இஞ்சுக்கு 100 கிராமுக்கு மேலேயே தேவைப்படலாம்.

கோனின் பரப்புக்குச் சட்டத்தின் விட்டத்தை அளக்கக் கூடாது. ஒரு பக்க எட்ஜின் நடுவில் இருந்து எதிர்ப்பக்க எட்ஜின் நடு வரை அளக்க வேண்டும். 15 இஞ்சு என்று விற்பதில் இது ஏறத்தாழ 33 செ.மீ. வரும், பரப்பு 855 சதுர செ.மீ. இங்கே ஒரு செ.மீ. பிசகினால் விஏஎஸ்ஸும் தொண்டையும் 12 சதவீதத்துக்கு மேல் பிசகும், பரப்பு அங்கே வர்க்கமாக நுழைவதால். எல்லாவற்றையும் சேர்த்தால் நம் உதாரண ஊஃபருக்கு விஏஎஸ் 181 லிட்டர், பிஎல் 19.8, தொண்டை 411 சதுர செ.மீ. அதாவது கோன் பரப்பில் பாதிக்கும் சற்றுக் குறைவு. கோனுக்கும் தொண்டைக்கும் உள்ள விகிதம் இரண்டை ஒட்டி வருவது பெரிய ஊஃபர்களில் நல்ல குறி. மூன்று, நான்கு என்று வந்தால் அந்த அழுத்தத்தைக் காகிதக் கோன் தாங்குமா என்று யோசிக்க வேண்டும். கோன் டஸ்ட் கேப்பைச் சுற்றி வட்டமாக வெட்டுப்பட்டுக் கழன்று வருவதை இந்த வேலையில் இருக்கிறவர்கள் பார்த்திருப்பார்கள்.

கேரளப் பக்கத்து மழைக்காலத்தில் காகிதக் கோன் ஈரம் இழுக்கும், எடை கூடும். மிதுனம், கர்க்கடகத்தில் குடோனில் அளந்த எண்ணும் மாசியில் அளந்த எண்ணும் கொஞ்சம் விலகினால் மீட்டரைச் சந்தேகிக்க வேண்டியதில்லை.

பாக்ஸின் அளவு இனி தானாக வரும். ஹார்ன் 40 ஹெர்ட்ஸ் வரை கீழே வாசிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 40 ஹெர்ட்ஸில் ஒலியின் அலைநீளம் எட்டரை மீட்டருக்கு மேல். திறந்த வெளியில் ஹார்னின் வாய்ச் சுற்றளவு ஓர் அலைநீளமாவது இருக்க வேண்டும் என்பது பழைய விதி. பரப்பாகச் சொன்னால் கிட்டத்தட்ட 6 சதுர மீட்டர். யாரும் அப்படி ஒரு பாக்ஸைச் செய்யப்போவதில்லை. தரையில் வைத்தால் தரையே பாதி வேலையைப் பார்க்கும், 3 சதுர மீட்டர் போதும். அதை நான்காகப் பிரித்தால் ஒரு பாக்ஸுக்கு 0.74, அதாவது 1.2 மீட்டருக்கு 62 செ.மீ. வாய். பேஸ் ஹார்ன்களை நாலு நாலாக அடுக்குவது அழகுக்காக அல்ல. தனியாக எடுத்துப்போகும் ஒரே பாக்ஸ் அதே கீழ்ச்சுருதியைத் தரவில்லை என்று குறைப்படுவதிலும் பொருளில்லை.

411 சதுர செ.மீ. தொண்டை 0.74 சதுர மீட்டர் வாயாக விரிய, 40 ஹெர்ட்ஸ் எக்ஸ்பொனென்ஷியல் ஹார்னில் சுமார் 2 மீட்டர் நீளம் வேண்டும். கிட்டத்தட்ட 48 செ.மீ.க்கு ஒருமுறை பரப்பு இரட்டிக்கும். மடித்துத்தான் பாக்ஸுக்குள் அடைக்க முடியும். பின்னறைக்கும் கணக்கு உண்டு: தொண்டையில் காற்றின் எடையை ஈடுகட்டும் அளவுக்கு அதன் விறைப்பு இருக்க வேண்டும். நம் ஊஃபருக்கு அது 80 லிட்டரை ஒட்டி வருகிறது. இந்த இடத்தில் டேவிட் மெக்பீன் இலவசமாகத் தரும் ஹார்ன்ரெஸ்ப் மென்பொருளில் எண்களைப் போட்டுப் பார்ப்பது புத்திசாலித்தனம். ஒரு கண்ணி மட்டும்: அது கேட்பது காற்றைச் சேர்க்காத கோன் எடை. ஈயக் கம்பி வைத்து நாம் அளந்தது காற்றும் சேர்ந்த எடை. 15 இஞ்சில் இரண்டுக்கும் வித்தியாசம் பத்து கிராமுக்கு மேலேயே இருக்கும். இன்னொன்று, வாயின் வரம்புக்குக் கீழே ஹார்ன் கோனைப் பிடிப்பதில்லை. 35 ஹெர்ட்ஸ் அளவில் ஹை-பாஸ் (அதற்குக் கீழே உள்ளதை வெட்டும் ஃபில்டர்) போடாமல் ஓட்டினால், அளந்து வாங்கிய ஊஃபரும் மறுபடி ரீகோனுக்குத்தான் போகும்.

பாக்ஸ் தயாரானதும் வெளியில் வைத்து மைக்கால் அளக்க அறுவடை முடிந்த வயல் போதும். மைக்கைத் தரையிலேயே படுக்க வைக்க வேண்டும். அப்போதுதான் தரை எதிரொலி தனியாக வந்து வளைவைக் குழப்பாது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மைக்கில் போடும் இரைச்சல் சரியாக நாம் அளக்க நினைக்கும் 30, 40 ஹெர்ட்ஸிலேயே விழும். இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கிக்குப் பொதுவாகச் சட்டத்தில் இடமில்லை. ஆறு மணிக்குப் பிறகு, காற்று எழுவதற்குள் முடித்துக்கொள்வது உத்தமம்.

அதைவிட எளிய சோதனை ஒன்று உண்டு, பலர் செய்வதில்லை. அதே 10 ஓம் ரெசிஸ்டரை வைத்து, பாக்ஸின் பின்புற சாக்கெட்டில் ஓம் வளைவை எடுப்பது. வெறும் ஊஃபரில் இருந்த 135 ஓம் ஒற்றை உச்சி மறைந்து, தாழ்ந்த முகடுகள் வரிசையாக நிற்க வேண்டும். பழைய உச்சி கிட்டத்தட்ட அப்படியே நின்றால் ஹார்ன் ஊஃபரைப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். நான்கு பாக்ஸையும் ஒன்றை எடுத்துவிட்டு அடுத்ததை அதே இடத்தில் வைத்துத் தனித்தனியாக அளந்து, வளைவுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒன்றில் மட்டும் கீழ்க்கோடி முகடு இடம் மாறியோ மழுங்கியோ இருந்தால், ஊஃபரைக் கழற்றும் முன் பின்னறை மூடியின் ஃபோம் கேஸ்கெட்டையும் அதன் போல்ட்டுகளையும் பார்க்கவும். பெரும்பாலும் காற்று ஒழுகுவது அங்கேதான்.